ரவுண்டானாவும் கைபேசி வரைபடமும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வரும் வெளிமாநில லாரி டிரைவர்கள் முன்பெல்லாம் டீக்கடையில் வழி கேட்பார்கள். இப்போது கைபேசி சொல்கிறது: "ரவுண்டானாவில் மூன்றாவது வழியில் வெளியேறவும்." இந்த 'மூன்றாவது' என்ற சொல்லுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1907-இல், கட்டடக் கலைஞர் எழேன் எனாரின் யோசனைப்படி, பாரிஸின் எத்துவால் சதுக்கத்தில் வண்டிகள் ஒரே திசையில் சுற்றத் தொடங்கின. பன்னிரண்டு சாலைகள் கூடும் இடம் அது. திசை முடிவாயிற்று. ஆனால் யார் யாருக்கு வழிவிடுவது? வலப்பக்கம் இருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பது பிரெஞ்சு வழக்கம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஆகவே வட்டத்துக்குள் புதிதாக நுழைகிறவர் எப்போதும் வலப்பக்கம்தான் வருவார். உள்ளே இருப்பவர் நிற்க, வெளியே இருப்பவர் நுழைய, நெரிசல் இறுகிவிடும்.

1966-இல் பிரிட்டன் விதியை மாற்றியது: ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. பிரான்ஸில் இது 1984-இல்தான் வந்தது. 'உங்களுக்கு முன்னுரிமை இல்லை' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பலகைகளை ரவுண்டானா வாயில்களில் நட்டார்கள். எத்துவாலில் இன்றும் பழைய விதிதான். நம் நாட்டில் 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் உள்ளே இருப்பவருக்கே உரிமை தருகின்றன.

ஆக, ரவுண்டானா என்பது வடிவம் மட்டுமல்ல, ஒரு விதியும்கூட. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை உள்ள வட்டத்தை 'ரவுண்டபவுட்' என்றும், அது இல்லாததை 'சர்குலர்' என்றும் பிரித்துக் குறிக்கச் சொல்கிறது. புதுச்சேரியின் இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி சதுக்கங்களில் நடுவே சிலை உண்டு, ஆனால் வண்டிகள் சிக்னலைப் பார்த்தே நகர்கின்றன. அங்கே வெளிவழியை எண்ணச் சொல்வதைவிட, "சிக்னலில் வலப்பக்கம் திரும்பவும்" என்பதே உதவும்.

எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. வரைபடத்தில் பெட்ரோல் பங்கின் பாதையை வட்டத்தோடு இணைத்து வரைந்துவிட்டால், மென்பொருள் அதையும் ஒரு வெளிவழியாகக் கணக்கிடலாம். மூன்றாவது நான்காவது ஆகிவிடும். காரில் போகிறவர் சமாளித்துக்கொள்வார். டிரெய்லர் ஓட்டுபவர் ஊர்த்தெருவுக்குள் நுழைந்துவிட்டால் திருப்ப இடமிருக்காது.

ஆகவே வரைபடம் மூன்றைச் சொல்ல வேண்டும்: நம் நாட்டில் வட்டம் கடிகாரச் சுற்றாக ஓடுவது, அங்கே செல்லும் விதி எது என்பது, ஒவ்வொரு வெளிவழியும் போகும் ஊரின் பெயர். எண்ணோடு "பொன்னேரி பக்கம்" என்ற ஒரு சொல்லும் சேர்ந்தால் போதும்.

1973-இல் அண்ணா மேம்பாலம் வந்தது. ஸ்டுடியோவும் போய்விட்டது. இன்றும் நாம் ஜெமினி என்றுதான் சொல்கிறோம். நம் ஆட்கள் வழியை எண்ணி நினைவில் வைப்பதில்லை, பெயரால் வைக்கிறார்கள்.