நடுநிலை மண்ணும் துண்டுச் சீட்டும்

யுத்தத்தைப் பலகைமீது ஆடிக் காட்டும் விளையாட்டுகள் சில உண்டு. அவற்றில் நடுநிலை நாட்டுக்குள் படையை நகர்த்துவதற்குத் தனி விதி இருக்கிறது. சிலவற்றில் நுழைவே கூடாது. சிலவற்றில் நுழைகிறவன் விலை கொடுக்க வேண்டும். இது ஆட்டக்காரரின் வெறுங்கற்பனையன்று. போரிடும் நாடுகள் நடுநிலை மண்வழியே படைகளைக் கொண்டுசெல்லலாகாது. அங்கே புகுந்த படையினரை அந்நாடு தடுத்துவைக்க வேண்டும். தப்பி வந்த போர்க் கைதியையோ சுதந்திரமாக விட்டுவிட வேண்டும். 1907-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை வகுத்த விதிகள் இவை.

அந்த உடன்படிக்கைக்கு முன்பே, இவ்விதிகளின் உட்பொருளை ஊவா மலைநாட்டின் வரலாறு கண்டிருக்கிறது. தென்னாபிரிக்க யுத்தத்தில் பிரிட்டிஷார் சிறைப்பிடித்த போயர் வீரர்கள் 1900 ஆகஸ்டு முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். பண்டாரவளைக்கு அருகே, பூனாகலை மலைகளுக்குத் தொலைவில்லாத தியத்தலாவையில், முள்வேலிக்குள் சுமார் 5,000 பேர் அடைபட்டனர். அதே 1900-ல் எல்லை தாண்டிப் போர்த்துக்கேய மொசாம்பிக்கில் புகுந்த போயர்களோ தடுத்துவைக்கப்பட்டுப் போர்த்துக்கலுக்கு அனுப்பப்பட்டனர். ஒரே படை, எல்லைக்கோடு ஒன்றே விதியை மாற்றியது. 1901-ல் வில்லி ஸ்டெய்ன் உள்ளிட்ட ஐந்து கைதிகள் கொழும்புத் துறைமுகத்தில் கடலில் குதித்து, நீந்தி, 'கேர்சன்' என்ற ரஷ்யக் கப்பலை அடைந்தனர். ரஷ்யா அப்போரில் நடுநிலை நாடு. அவர்கள் ரஷ்யா, ஜெர்மனி வழியாகத் தென்னாபிரிக்கா திரும்பினர்.

ஆப்பிரிக்கரின் மண்ணைப் பறித்தவர்கள்தாம் போயர்கள். எனினும் அவர்களுக்கும் தப்பிச் சேர ஒரு நடுநிலைத் தளம் இருந்தது. முள்வேலிக்கு வெளியே, தேயிலை மலைகளில் உழைத்த தமிழ்த் தொழிலாளிக்கு அது இருந்ததா?

1865-ம் ஆண்டின் 11-ம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். அடுத்த தோட்டத்துக்குப் போவதானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித்தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கடனோ தொழிலாளியின் முதுகைவிட்டு இறங்காது. மலைக்கு மலை துரை மாறலாம், கங்காணி மாறலாம். எந்த மலையும் அவனுக்கு நடுநிலை மண்ணாகவில்லை. தண்டனையும் துண்டும் 1921-ல்தான் ஒழிந்தன.

துண்டு ஒழிந்தும் நகர்த்தும் கைகள் ஓயவில்லை. 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் நாடவில்லை. எஞ்சிய நாடற்றோருக்கு 2003-ம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

போர்க் கைதிக்கும் எல்லை தாண்டினால் சுதந்திரம் என்று உலகம் 1907-லேயே விதி செய்தது. உழைப்பவனைக் காயாக நகர்த்தலாகாது என்ற விதியை எந்த மாநாடும் அவனுக்கு இனாமாகத் தரவில்லை. அந்த விதியை அவன் சங்கமாகத் திரண்டே எழுதவேண்டியிருந்தது. இன்னும் எழுதி முடியவில்லை.