கடைமடையில் ஓர் ஊற்று

காவிரிக்குக் காரைக்கால் கடைமடை. தண்ணீருக்கு இருந்த இந்தக் கதிதான் மின்சாரத்துக்கும். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகிய பிறகும் ஊரின் இருப்பிடம் மாறவில்லை: ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நிர்வாகம் புதுச்சேரியிலிருந்து வந்தது. மின்சாரம் தமிழ்நாட்டைக் கடந்துதான் வந்தாக வேண்டும். 1993-இல் பாண்டிச்சேரி பவர் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டு, 2000 ஜனவரியில் திருமலைராயன்பட்டினத்து எரிவாயு மின்நிலையம் வணிக உற்பத்திக்கு வந்தபோது, நமக்கென்று ஒரு மின்நிலையம் என்ற பெருமை எழுந்திருந்தால் அது இயல்புதான். ஆனாலும் அந்த நிலையத்தின் மதிப்பு, அது யாருடையது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே என் கட்சி.

பக்கத்து நரிமணத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயுவை கெயில் குழாயில் கொண்டுவந்து கொடுக்கிறது. வாயு டர்பைன் 22.9 மெகாவாட்; அது வெளியேற்றும் சூட்டில் நீராவி உண்டாக்கி, நீராவி டர்பைனில் இன்னொரு 9.6. சோறு வடித்த அடுப்பின் தணலிலேயே வெந்நீரும் போட்டுக்கொள்கிற சிக்கனம் இது. மொத்தம் 32.5 மெகாவாட். அனல்மின் நிலையங்களுக்கு முன் இது தூசு. இத்தனை சிறிய நிலையத்தில் யூனிட்டுக்கு ஆகும் நிலைச்செலவு கூடாதா என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் அந்தக் கணக்கு நிலையத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. கம்பியில் விரயமாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் பாதியானால் விரயம் கால்பங்காகக் குறையும். கடைமடையிலேயே ஊற்று கிடைத்தால் தலைமடையிலிருந்து வரும் வாய்க்காலின் பாரம் இறங்குகிறது, வால்முனையில் வோல்டேஜும் தாழாமல் நிற்கிறது. விலையைப் பேசுகிறவர்கள் இந்த வரவையும் எழுத வேண்டும்.

சொந்த நிலையம் இருந்தும் ஊர் ஏன் சில நேரம் இருளுகிறது என்பது இன்னொரு கேள்வி. கட்டமைப்போடு இணைந்த ஜெனரேட்டர் அதன் வோல்டேஜுக்கும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கும் தாளம் தப்பாமல் ஓட வேண்டும். பெரிய கட்டமைப்பு சாய்ந்தால், தனித்தீவாகப் பிரிந்து ஓடும் ஏற்பாடு இல்லாத சிறு நிலையமும் கூடவே நிற்கும். கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிரைக் காக்கவும் இந்தக் கட்டுப்பாடு தேவை. இன்று காரைக்காலில் ஒருவர் மாடியில் சோலார் தகடு போட்டு மின்துறைக் கம்பியோடு இணைத்தாலும், பேட்டரியும் தனியே பிரித்துக்கொள்ளும் வசதியும் இல்லாவிட்டால், தெருவில் கரண்ட் போன நொடியில் நல்ல வெயிலிலும் அவர் வீட்டு மின்விசிறி நின்றுபோகும்.