சினிமாவுக்கு வெளியே இளையராஜா

கம்பம் பள்ளத்தாக்கில், இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர், பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976-ல் வந்த 'அன்னக்கிளி' அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

ஆனால் சினிமாப் பாட்டு கதைக்கும் காட்சிக்கும் கட்டுப்பட்டது; சில நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். அந்தக் கட்டு இல்லாதபோது அவர் என்ன செய்தார் என்று அறிய, அவருடைய தனி இசைத்தொகுப்புகளைத்தான் கேட்க வேண்டும்.

1986-ல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் செலுத்திய காணிக்கை. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் இரண்டு மரபுகளையும் இணைக்கிறது. 1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை மேற்கத்திய வாத்தியங்களோடு பேசவிட்டது. 2005-ல் மாணிக்கவாசகரின் திருவாசகம் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் வாசிப்போடு வந்தது. மூன்றும் மூன்று ரகம்.

இவற்றுக்கு நடுவே ஓர் ஏக்கமும் உண்டு. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்துப் பதிவான அவருடைய சிம்பொனி, ரசிகர்கள் எவ்வளவோ எதிர்பார்த்தும் இசைத்தட்டாக வெளிவரவில்லை. 2025 மார்ச் 8-ல், அதே லண்டனில் 'வேலியன்ட்' என்ற புதிய சிம்பொனியை அரங்கேற்றினார். இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது 81.

பண்ணைப்புரத்து ஆர்மோனியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அறிய சினிமாப் பாட்டு மட்டும் போதாது.