உலோக வீரனும் பிளாஸ்டிக் வீரனும்

"மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க சார், சரித்திரம் சம்பந்தமா இருந்தா நல்லது" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ராஜராஜ சோழனைப் பற்றி எழுத நம் பேட்சிலேயே ரெண்டு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பொம்மைச் சரித்திரம்தான். அறுபதைத் தாண்டின மனுஷன் அலமாரி நிறைய சூப்பர் ஹீரோ பொம்மை வைத்திருக்கிறானே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மெக்கானிக்கல் படித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டை காஸ்டிங் பட்டறையில் தொழில் பழகினவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பொம்மை சேர்ப்பவர்களிடையே ரெண்டு கட்சி உண்டு. ஒன்று டை காஸ்ட் கட்சி. "கையில எடுத்தா கனம் தெரியணும், அதுதான் பொம்மை" என்பார்கள். இன்னொன்று பிளாஸ்டிக் கட்சி. "கனத்தை வெச்சு என்ன பண்றது? முழங்கால் மடங்குதா, முகம் சரியா இருக்கா, அதைப் பாரு" என்பார்கள். ஒரு பொருள் ஜெயிப்பதும் தோற்பதும் அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது என்பதே இந்த வரலாற்றில் நான் கண்டது.

ஜமாக் என்னும் சரக்கு

முதலில் உலோகம். பேச்சு வழக்கில் இரும்பு பொம்மை என்கிறோமே, அதில் இரும்பு கிடையாது. ஏறக்குறைய 96 சதவீதம் துத்தநாகம், 4 சதவீதம் அலுமினியம், துளி மக்னீசியம், வகையைப் பொறுத்துக் கொஞ்சம் செம்பு. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர்தான் ஜமாக். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929ல் இதைக் கொண்டு வந்தது. சுமார் 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எஃகு டைக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் நகக்கண் அளவு நுணுக்கம்கூட அப்படியே விழும். கார்புரேட்டர் பாடி, கதவுக் கைப்பிடி, பொம்மைக் கார் எல்லாம் இதில் வார்த்ததற்குக் காரணம் அதுதான்.

எடைக்கு வருவோம். ஜமாக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.6 கிராம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு 1.05 கிராம்தான். ஒரே அளவு பொம்மை உலோகத்தில் ஆறு மடங்கு கனக்கும். டை காஸ்ட் கட்சியின் மொத்தக் கொள்கையும் இந்த ஆறு மடங்குக்குள் அடங்கிவிடும்!

சூப்பர் உலோகம் பிறந்த கதை

இனி ஜப்பானுக்குப் போக வேண்டும். வீர பொம்மைக்கு உலோகம் என்கிற எண்ணம் வலுவாக வேர் விட்டது அங்கேதான். 1972ல் கோ நகாய் என்ற சித்திரக் கதைஞர் 'மஜிங்கர் இசட்' என்ற கதையைத் தொடங்கினார். அதே வருஷம் டிசம்பரில் அது டி.வி.க்கும் வந்தது. ஒரு பையன் ராட்சத ரோபோவின் தலைக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுவான். ஃபுஜி மலையில் கிடைத்த ஒரு தாதுவிலிருந்து எடுத்த, எதாலும் உடைக்க முடியாத சூப்பர் உலோகத்தால் ஆனது அந்த ரோபோ. ஜப்பானிய மொழியில் அந்த உலோகத்துக்குப் பெயர் 'சோகோகின்'.

பாண்டாய் கம்பெனியின் துணை நிறுவனமான பாப்பி, 1973ல் இந்த ரோபோவைச் சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் பொம்மையாக்கியது. பொருள் பாலிஎதிலீன். ஷாம்பு பாட்டில் ஊதுகிற அதே முறையில் ஊதி எடுத்தார்கள். குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு நின்ற பொம்மை நன்றாகவே விற்றது. ஆனாலும் கதைப்படி அது சூப்பர் உலோகமாயிற்றே! தட்டினால் 'டப் டப்' என்று காலி பாட்டில் மாதிரி சத்தம் கேட்டால் எப்படி?

1974ல் அதே பாப்பி, அதே ரோபோவை உள்ளங்கைக்கு அடங்கும் அளவில் ஜமாக்கில் வார்த்து வெளியிட்டது. முன்னின்று செய்தவர் கட்சுஷி முராகாமி என்ற வடிவமைப்பாளர். பெட்டியின் மேல் போட்ட பெயர்: சோகோகின். கதையில் வந்த உலோகத்தின் பெயரையே பொம்மை வரிசைக்கு வைத்துவிட்டார்கள். ஸ்பிரிங்கை விட்டால் முஷ்டி பறக்கும். பையன் கையில் எடுத்ததும் கனக்கும். 'நிஜமாவே சூப்பர் உலோகம்டா' என்று அவன் நம்பிவிடுவான். பொருளும் கதையும் இவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்த இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஸ்பைடர்மேனுக்கும் இதில் பங்கு உண்டு. 1978ல் ஜப்பானின் டோயி நிறுவனம் மார்வெலோடு ஒப்பந்தம் போட்டு, தன் சொந்தக் கதையோடு ஸ்பைடர்மேன் தொடர் எடுத்தது. அந்த ஸ்பைடர்மேனுக்கு லியோபார்டன் என்று ஒரு ராட்சத ரோபோ! அமெரிக்கக் கதையில் இல்லாத சரக்கு இது. லியோபார்டனை பாப்பி உலோகத்தில் போட, அது சக்கைப் போடு போட்டது. அடுத்த வருஷத்திலிருந்து டோயியின் வீரர் குழுத் தொடர்களிலும் ராட்சத ரோபோ வந்துவிட்டது. 1993ல் அமெரிக்கா போய் நம்மூர் டி.வி.க்கும் வந்த 'பவர் ரேஞ்சர்ஸ்' இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

முந்நூறு யென் அடி

அடுத்து உலோகம் தோற்ற கதை. 1979 ஏப்ரலில் 'கண்டம்' என்ற தொடர் ஜப்பானில் ஆரம்பித்தது. முக்கிய ஸ்பான்சர் குளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. சின்னப் பையன்களுக்கு என்று உலோக பொம்மை போட்டார்கள். தொடரைப் பார்த்தவர்களோ ஹைஸ்கூல், காலேஜ் பசங்கள். போரைப் பற்றிய சீரியஸான கதைக்குப் பளபளவென்று ஒரு விளையாட்டு பொம்மை ஒட்டவில்லை. ஆரம்பத்தில் விற்பனை மந்தம். 52 வாரம் ஓட வேண்டிய தொடர் 43 வாரத்தில் முடிந்தது.

1980 ஜூலையில் பாண்டாய் அதே ரோபோவைப் பிளாஸ்டிக் துண்டுகளாக, நாமே வெட்டி ஒட்டிச் சேர்க்கிற மாதிரி, 300 யென்னுக்குக் கொடுத்தது. 144ல் ஒரு பங்கு அளவு. கடை வாசலில் வரிசை நின்றது! கனம் கிடையாது, வர்ணமும் நாமே அடிக்க வேண்டும். ஆனால் உருவம் டி.வி.யில் பார்த்தபடியே இருந்தது, 'நான் செஞ்சது' என்ற பெருமையும் கிடைத்தது. குளோவர் 1983ல் மூழ்கியது. ஆறே வருஷத்தில் ஆட்டம் தலைகீழ். 1974ல் பிளாஸ்டிக்கை உலோகம் ஜெயித்தது, 1980ல் உலோகத்தைப் பிளாஸ்டிக் ஜெயித்தது. ஜமாக் மாறவில்லை, வாங்குகிற கை மாறிவிட்டது.

அமெரிக்காவில் மெகோ கம்பெனி 1972லிருந்து துணி உடுத்திய 8 அங்குல சூப்பர் ஹீரோக்களை விற்றுக்கொண்டிருந்தது. 1978ல் கென்னர் கம்பெனியின் 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகள் 3¾ அங்குலப் பிளாஸ்டிக்கில் வந்ததும் சந்தையே அந்த அளவுக்குச் சுருங்கியது. சின்ன அளவு, குறைந்த விலை, ஒரு பையனுக்கு இருபது பொம்மை என்ற கணக்கு. 1984ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' முதல் வரிசைகளில் ஜப்பானிய மோல்டுகளோடு உலோகப் பாகங்களும் வந்தன. சில வருஷங்களிலேயே அவை உதிர்ந்து முழுக்கப் பிளாஸ்டிக் ஆகிவிட்டன.

நம் சென்னைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோ கூட்டில் 1987ல் உருவான ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் மோல்டுகளில் ஜி.ஐ. ஜோ வீரர்களை வார்த்தது. அமெரிக்காவில் அந்த வரிசை 1994ல் நின்ற பிறகும் இங்கே ஓடியது. வர்ணச் சேர்க்கை மூலத்திலிருந்து மாறியிருக்கும். அந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் இன்று அவற்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

எது நிலைக்கும்?

"உலோகம்னா காலத்துக்கும் இருக்கும்" என்பது டை காஸ்ட் கட்சியின் பெரிய வாதம். இங்கேதான் எனக்குப் பட்டறை ஞாபகம் வருகிறது. எங்கள் உலைக்குப் பொறுப்பான பெரியவர் ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர். "ஈயம் பட்ட கரண்டியக்கூட கிட்ட கொண்டாராத தம்பி, ஆறு மாசத்துல சரக்கு பூத்துடும்" என்பார். அவர் சொன்னது விஞ்ஞானம். ஜமாக் வார்ப்பில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது தர அளவு. தாண்டினால், ஈரக்காற்று பட்டு, உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு ஓடும். பொருள் உப்பும், விரியும், கடைசியில் பிஸ்கட் மாதிரி பொடியும். 1930களின் டிங்கி கார்கள் பல, கண்ணாடி அலமாரிக்குள் யாரும் தொடாமலே இப்படிப் போயின. எண்ணெய் தடவினாலும் பெயிண்ட் அடித்தாலும் பிழைக்காது. நோய் வார்க்கும்போதே உள்ளே போய்விட்டது.

பிளாஸ்டிக்கும் சிரஞ்சீவி அல்ல. வெயில் பட்ட ஏபிஎஸ் மஞ்சளாகும். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த திரவம் வெளியே கசிந்து பிசுபிசுக்கும். 1980களின் சில பொம்மைகளில் தங்க நிறத் துகள் கலந்து வார்த்த பிளாஸ்டிக் இருக்கிறது. கையை மடக்கினாலே அப்பளம் மாதிரி நொறுங்கும்.

1997ல் பாண்டாய் பெரியவர்களுக்கென்றே 'சோல் ஆஃப் சோகோகின்' என்ற உலோக வரிசையைத் தொடங்கியது. முதல் பொம்மை அதே மஜிங்கர் இசட்! 1974ல் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்த பையன்கள் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தார்கள். மறு வருஷம் மெஷின் பயிற்சிக்கு ஒசாகா போனபோது நிப்பொன்பாஷி கடையொன்றில் நான் வாங்கியதும் அதுதான். இன்றும் என் மேஜையில் நிற்கிறது. 2010களில் ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் தன் அயர்ன் மேன் பொம்மைகளில் உலோகம் சேர்த்ததும் இதே கணக்கில்தான். கவசத்துக்கு உலோகம், மூட்டுக்கும் நுணுக்கத்துக்கும் பிளாஸ்டிக் என்று ரெண்டு கட்சியும் ஒரே உடம்பில் கூட்டணி!

சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதை வாங்கினாலும் வெயில் படாமல், ஈரம் தங்காமல் வையுங்கள். உப்பின உலோகத்துக்கு வைத்தியம் தேடி அலையாதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. பரீட்சையில் மெட்டீரியல் செலக்‌ஷன் கேள்விக்கு வலிமை, எடை, விலை என்று வரிசையாக எழுதுவீர்கள். எழுதுங்கள், மார்க் உண்டு. வேலைக்குப் போனபின், செய்யும் பொருள் யார் கைக்குப் போகிறது என்பதையும், உலையில் விழும் துளி ஈயத்தையும் சேர்த்துப் பாருங்கள். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது மஜிங்கரைக் கொண்டு வருகிறேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நீங்கள் எந்தக் கட்சி என்று சொல்லுங்கள்.