பழைய கார்களில் தாமதமாகச் சூடாகும் எஞ்சின்: கோளாறு கண்டறிதலின் வரலாறு

எஞ்சின் தாமதமாகச் சூடாதல் என்பது, கார் எஞ்சின் தனது இயல்பான வேலை வெப்பநிலையை அடைய வழக்கத்தைவிட நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும் கோளாறாகும். பெரும்பாலான கார்களில் இந்த வெப்பநிலை ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியசு வரை இருக்கும். தாமதமாகச் சூடாகும் எஞ்சின் பெரும்பாலும் சீரற்றும் ஓடும். ஒன்று மற்றொன்றின் விளைவா, அல்லது இரண்டும் தனித்தனிக் கோளாறுகளா என்பதைப் பிரித்தறிவதே பழுதுபார்ப்பவரின் முதல் சிக்கல். இதற்கான முறைகள் கடந்த நூறாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன.

தொடக்க காலம்

பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் சீராக எரியும். குளிர்ந்த எஞ்சினில் அதன் ஒரு பகுதி உள்ளிழுப்புக் குழாயின் சுவரிலேயே திரவமாகப் படிந்துவிடுகிறது. இந்த இழப்பை ஈடுசெய்யவே சோக் உருவானது. அது காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலின் பங்கை உயர்த்தியது.

1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் பம்பு கிடையாது. சூடான நீர் மேலெழும் இயல்பைக் கொண்டே நீர் சுழன்றது. தெர்மோஸ்டாட்டும் பொருத்தப்படவில்லை. எனவே எஞ்சின் சூடாவதைக் கட்டுப்படுத்த வழியில்லாமல் இருந்தது. சீரற்ற ஓட்டத்தைக் கண்டறியும் முறையும் எளியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அதிரும் மின்சுருள் இருந்தது. அவற்றின் அதிர்வுத் தகடுகளை விரலால் அழுத்தி நிறுத்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தனர். எந்தச் சுருளை நிறுத்தும்போது எஞ்சின் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு.

தேய்மானமும் வெப்பநிலையும்

எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்திருப்பது ஓட்டுநருக்கு ஏற்படும் சிறு தொல்லையாகவே முதலில் கருதப்பட்டது. 1930-களில் பிரித்தானியத் தானுந்துப் பொறியாளர் கழகம் மேற்கொண்ட ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. சிலிண்டர் சுவரின் வெப்பநிலை குறையும்போது தேய்மானம் பன்மடங்கு உயர்வதை அவை காட்டின. எரிதலில் உண்டாகும் நீராவியும் அமிலங்களும் குளிர்ந்த சுவரில் படிந்து உலோகத்தை அரிக்கின்றன. மிகுதியான பெட்ரோல் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. ஆக, விரைவில் சூடாதல் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று என்பது தெளிவாயிற்று.

தெர்மோஸ்டாட்டும் தானியங்கிச் சோக்கும்

எஞ்சின் சூடாகும்வரை நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் தடுக்கும் வால்வே தெர்மோஸ்டாட். முற்காலத் தெர்மோஸ்டாட்டுகள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த, மடிப்புகள் கொண்ட உலோகக் குடுவையால் இயங்கின. குளிர்விப்பு அமைப்பில் அழுத்தம் உயர்த்தப்பட்டபோது அவை திறக்கும் வெப்பநிலை மாறியது. அமெரிக்காவில் செர்ஜியசு வெர்னே 1930-களில் உருவாக்கிய மெழுகு வகை இக்குறையைத் தீர்த்தது. மெழுகு உருகி விரியும்போது வால்வு திறக்கும். அழுத்தம் அதை அதிகம் பாதிப்பதில்லை. இன்றும் பெரும்பாலான கார்களில் இவ்வகையே பயன்படுகிறது.

அதே காலகட்டத்தில் ஈருலோகச் சுருளால் இயங்கும் தானியங்கிச் சோக் அமெரிக்கக் கார்களில் பரவியது. இதனால் இரு கோளாறுகளும் ஒன்றோடொன்று பிணைந்தன. சில வகைகளில் எஞ்சின் நீரின் வெப்பமே சோக்கைத் திறக்கிறது. அவற்றில் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் சோக் முழுமையாகத் திறக்காது. கரும்புகையும் மிஸ்ஸிங்கும் தோன்றும். ஆனால் உண்மையான கோளாறு கார்புரேட்டரில் இருக்காது.

மின்னணுக் காலம்

1967-இல் வோக்சுவாகன் 1600 காரில் பாசு நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறை அறிமுகமானது. இதில் சோக்கின் இடத்தை வெப்பநிலை உணரிகள் பிடித்தன. நீரின் வெப்பநிலை உயர உயர உணரியின் மின்தடை குறையும்; அதற்கேற்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெட்ரோலைக் குறைக்கும். உணரியின் கம்பி அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகிறது. எஞ்சின் கடுங்குளிரில் இருப்பதாகக் கருதும் பெட்டி, அளவுக்கு மீறிப் பெட்ரோலைச் செலுத்தும்.

1976-இல் வோல்வோ கார்களில் ஆக்சிசன் உணரி வந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை அதன் அளவீட்டைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பயன்படுத்தாது. நீர் ஒருபோதும் போதிய அளவு சூடாகாவிட்டால் கலவை தொடர்ந்து செறிவாகவே இருக்கக்கூடும். எரிபொருள் வீணாவதுடன் வினையூக்கி மாற்றியும் கெடும்.

வெப்ப நாடுகளில்

இந்தியா போன்ற வெப்ப நாடுகளில், எஞ்சின் கொதித்துவிடும் என்ற அச்சத்தால் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. கார்புரேட்டர் பொருத்திய அம்பாசிடர் போன்ற கார்களில் இதன் தீங்கு உடனே தெரியவில்லை. 1995 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் எரிபொருள் உட்செலுத்தலும் பரவியது. அதன்பின் பழைய வழக்கம் செலவு மிக்க பிழையாக மாறியது. மாற்றுவழிக் குழாயை மூடும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில், அதைக் கழற்றினால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுழலும். எஞ்சின் கொதிப்பதைத் தடுக்கச் செய்த செயலே கொதிப்புக்குக் காரணமாகலாம்.

கோளாறு எண்களும் கைச்சோதனையும்

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில் ஓபிடி-2 என்னும் தன்சோதனை முறை கட்டாயமானது. இதில் பி0128 என்ற எண், நீர் எதிர்பார்த்த வெப்பநிலையை அடையவில்லை என்பதைக் குறிக்கிறது. பி0300 என்பது பல சிலிண்டர்களில் ஒழுங்கற்ற மிஸ்ஸிங்கையும், பி0301 முதலிய எண்கள் குறிப்பிட்ட சிலிண்டரையும் சுட்டுகின்றன. எனினும் எண் அறிகுறியை மட்டுமே கூறும். தெர்மோஸ்டாட் சிக்கினாலும், நீர்மட்டம் குறைந்தாலும், உணரி தவறாக அளந்தாலும் பி0128 தோன்றலாம்.

ஆகவே பழைய சோதனைகள் இன்னும் வழக்கில் உள்ளன. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்திருந்து, தெர்மோஸ்டாட் திறந்தவுடன் விரைவாகச் சூடாகும். தொடக்கத்திலிருந்தே அது மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தே உள்ளது எனலாம். நெரிசலில் உயரும் வெப்பமானி முள் நெடுஞ்சாலையில் தாழ்வதும் இதே அறிகுறி. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நீரில் இட்டுச் சூடாக்கி, அதில் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்யலாம். தெர்மோஸ்டாட் சரியாக இருந்து, குளிரில் மட்டும் சீரற்று ஓடி, சூடானதும் எஞ்சின் சீரானால், உள்ளிழுப்புக் குழாயில் காற்றுக் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சூடான பிறகும் மிஸ்ஸிங் நீடித்தால் ஸ்பார்க் பிளக், மின்சுருள், வால்வுகள் ஆகியவை அடுத்துச் சோதிக்கப்படுகின்றன.