பெயர் சொல்ல ஓர் ஆள்

போன மாதம் மரக்காணத்தில் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவியர் சங்கக் கூட்டம் நடந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவி, செயலாளர், பொருளாளர் என்று மூன்று பொறுப்புகளுக்கு ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது, அலைச்சல் உண்டு. "யார் வர்றீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பில் நான் கேள்வி கேட்டபோது குனிந்த அதே தலைகள்!

அவர்களுக்கு விருப்பம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர்ப்பக்கம் ஒரு பெண் எழுந்து "நான் இருக்கேன்" என்று சொன்னால், "பதவி ஆசையைப் பாரு" என்று பின்னாலேயே ஒரு குரல் வரும். அதனால் தகுதி உள்ளவள் வாய் திறக்க மாட்டாள். அவளுடைய வேலையைக் கண்ணால் பார்த்த இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்பில் 'முன்மொழிந்தவர்' என்று ஒரு வரி எழுதுகிறோமே, அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த ஒரு வரி எத்தனை பெரியது என்பதைச் சரித்திரமும், நான் செய்த ஒரு தப்பும் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

முதலில் சரித்திரம்.

1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட் தலைவி. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா போன்றவர்கள் ஓடியாடி வேலை செய்தார்கள். அந்த வருடக் கடைசியில் மாண்டேகு துரை சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு அவரைப் பார்த்து, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. 1921-இல் சென்னை மாகாண சட்டசபை அதற்குச் சம்மதித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலில் சம்மதித்தது நம் சென்னைதான். ஆனால் சொத்தும் வரியும் வைத்துத்தான் வாக்கு என்பதால், உப்பளத்தில் கூடை சுமந்தவளுக்கு அது எட்டவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1926-இல் பெண்கள் சட்டசபை உறுப்பினராகவும் ஆகலாம் என்று வழி திறந்தது. வழி திறந்தாயிற்று, போவது யார்? தேர்தலில் நிற்கச் சொல்லி மார்கரெட் கசின்ஸ் கமலாதேவி சட்டோபாத்யாயாவைத் தூண்டினார். அவரும் துணிந்து நின்றார். மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். அரசு தானாக நியமிக்கும் இடங்களும் இருந்தன. அதற்குத் தகுதியான பெண்களின் பெயர்களை மாதர் சங்கம் அரசுக்குப் பரிந்துரைத்தது. அப்படி உள்ளே போனவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கிப் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். நல்ல பெயரெடுத்த டாக்டர். சட்டசபைக்குப் போக அவருக்கு முதலில் தயக்கம். நோயாளிகளை யார் பார்ப்பது, அரசியல் நமக்குச் சரிப்படுமா என்ற யோசனை. சுற்றி இருந்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் சம்மதித்தார். உள்ளே போன கொஞ்ச நாளில், 1927-இல், அந்தச் சபையே அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தேவதாசி முறையை ஒழிக்க அவர் கொண்டுவந்த தீர்மானமும் அதற்குப்பின் வந்த சட்டமும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. நான் வருடாவருடம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அந்தத் தீர்மானத்துக்கு முன்னால் யாரோ சில பெண்கள் உட்கார்ந்து, "இவர் பெயரை அனுப்பலாம்" என்று ஒரு காகிதத்தில் எழுதினார்களே, அதை மட்டும் நான் ஒரு தடவைகூட வகுப்பில் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

நம் கடற்கரைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு விஷயமும் இதில் உண்டு. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம். காந்தியைக் கைது செய்ததும், அதைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் தம் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். பதவி தேடி வந்தபோது தயங்கியவர், விடும்போது தயங்கவில்லை. அதே சமயம் தெற்கே வேதாரண்யத்தில் ராஜாஜியோடு போய் உப்பெடுத்து ஜெயிலுக்குப் போனார் ருக்மணி லட்சுமிபதி. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர். மாதர் சங்கத்தில் உழைத்தவர். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவி. 1937-இல் சட்டசபைத் துணை சபாநாயகராகவும், 1946-இல் பிரகாசம் மந்திரிசபையில் சுகாதார மந்திரியாகவும் ஆனார். நாம் தினமும் மிதித்து நடக்கிற உப்புக்கு இப்படியும் ஒரு கதை!

இன்னும் பழைய கதை ஒன்றும் ஞாபகம் வருகிறது. நமக்கு வடமேற்கே இருக்கிற உத்திரமேரூருக்கு மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் வருடக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை முறை. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுச் சின்னப் பையனை எடுக்கச் சொல்வார்கள். குலுக்கலை எல்லாரும் வியப்பார்கள். யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதற்குத்தான் அங்கே விதிகள் அதிகம். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த நிலம், சொந்த மனை, படிப்பு வேண்டும். முந்தைய மூன்று வருடத்தில் பொறுப்பில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. கடைசி இரண்டு விதிகளை இன்றைக்கும் எல்லாச் சங்கங்களிலும் எழுதி ஒட்டலாம். ஆனால் நிலமும் படிப்பும் இல்லாதவன் எத்தனை யோக்கியனாக இருந்தாலும் அவன் பெயர் குடத்துக்குள் போகவே போகாது. பெண்கள் பேச்சே இல்லை.

"அந்தக் காலத்து அநியாயம்" என்று மாணவிகளிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான். இனி என் கதைக்கு வருகிறேன்.

பெண்கள் சுய உதவிக் குழுக்கள் நம் மாநிலத்தில் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. அடுத்த சில வருடங்களில் நம் பழைய தென்னாற்காட்டுக்கும் வந்தன. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் என்ற பெயரில் ஊர் ஊராகப் பரவின. பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரை ஒரு குழு. வாரம் ஒரு கூட்டம், கொஞ்சம் சேமிப்பு, உள்ளுக்குள்ளேயே கடன். குழுவுக்கு ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வங்கிக் கணக்கு அவர்கள் கையெழுத்தில் நடக்கும்.

1999 வாக்கில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு குழு அமைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் உப்பள வேலைக்குப் போகிறவர்கள். டீச்சர் என்ற மரியாதையில் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஊக்குநரா யாரைப் போடலாம், நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார்கள்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒருத்தியை நன்றாகத் தெரியும். பொங்கல் கழிந்து பாத்தி வேலை தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை உப்பளமே கதி என்று இருப்பவள். விடியுமுன் கிளம்பிவிடுவாள். வரப்பிலிருந்து குவியலுக்கு உப்புச் சுமக்கும்போது, தான் சுமந்த கூடைகளை மட்டுமல்ல, கூட வேலை செய்கிற பத்துப் பேரின் கூடைகளையும் மனசிலேயே எண்ணிக்கொண்டு வருவாள். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது ஒரு கூடை குறைந்தாலும், "இல்ல மேஸ்திரி, அவ இன்னிக்கி இத்தினி நடை" என்று நின்று பேசி வாங்கிக் கொடுப்பாள். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் மற்றவர்களிடம் ஐந்தும் பத்துமாய் வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். யாரும் போடாமலே அவள்தான் அந்தப் பெண்களுக்குத் தலைவி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்.

நான் சொன்னேன்: "கணக்கு நோட்டு எழுதணும், பேங்குக்குப் போகணும். படிச்சவங்களாப் பாருங்க."

அவ்வளவுதான். பத்தாவது முடித்த ஒரு மருமகள் ஊக்குநரானாள். அவள் பேரில் குற்றமில்லை, நல்ல பெண். இரண்டு வருடத்தில் வெளியூர் போய்விட்டாள். குழு கலைந்தது. நோட்டு எழுத என் பள்ளியிலேயே எத்தனையோ மாணவிகள் இருந்தார்கள், ஒருத்தியைத் துணைக்குப் போட்டிருக்கலாம். எழுதுவது ஒரு வேலை, பத்துப் பேரைச் சேர்த்துப் பிடிப்பது வேறு வேலை என்று எனக்கு அப்போது புரியவில்லை. உத்திரமேரூர்க் குடத்துக்குள் போகாத ஓலைகளைப் பற்றி வகுப்பில் ஆவேசமாகப் பேசிய நான், என் கையில் ஒரு ஓலை இருந்தபோது அதைக் கீழே போட்டுவிட்டேன்.

இப்போது முன்னாள் மாணவியர் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான் போனேன். அவளுடைய மகள் என் மாணவி. கொரோனா காலத்தில் உப்பு வேலையும் மீன் வேலையும் நின்றுபோனபோது, பழைய தோழிகளுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் போட்டுப் பத்து மூட்டை அரிசி சேர்த்து, யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்தவள். அந்த நோட்டை நான் பார்த்தேன். அவளைத் தலைமைக்கு முன்மொழியலாமா என்று அவளிடமே முதலில் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்காமல் சபையில் பெயரைச் சொல்லி ஒருத்தியைத் திகைக்க வைப்பது மரியாதை இல்லை.

"வேணாம் டீச்சர். எனக்கு இன்னா தெரியும்? படிச்சவங்க, வேலைல இருக்கிறவங்க எவ்ளோ பேரு இருக்காங்க" என்றாள். முத்துலட்சுமி அம்மையாரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று அவளுக்குக் கதை சொன்னேன். சிரித்தாள். "சரி டீச்சர். ஆனா ரெண்டு வருஷந்தான். அப்பறம் வேற ஒருத்தி வரணும். கணக்கை மூணு மாசத்துக்கு ஒருவாட்டி செவுத்துல ஒட்டணும்" என்றாள். அந்தக் கல்வெட்டை அவள் ஒன்பதாம் வகுப்பில் என்னோடு வந்து பார்த்தவள்தான். ஞாபகம் வைத்துச் சொன்னாளா, தானாகச் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். உப்பில் வெடித்த பாதங்கள், வெயிலில் மங்கிய கண்கள். நான் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு என் பேரச் சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. "இன்னிக்கு மழை வரும்னு நெனச்சேன்" என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கூட்டத்தில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்து அவள் மகளின் பெயரைச் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த அரிசி நோட்டைப் பற்றியும் சொன்னேன். வழிமொழிய நாலைந்து கைகள் ஒரே சமயத்தில் எழுந்தன. அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்திருக்கிறது, யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் வந்தது. 2016 சட்டத் திருத்தத்தில் அது பாதியானது. 2021-இல் நம் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த தேர்தலில் அதை நாமே பார்த்தோம். நாற்காலிகளைச் சட்டம் போட்டுவிட்டது. அதில் யார் உட்கார வேண்டும் என்று சொல்வது நம் வேலை. என் வயதுக்காரர்களுக்கு இனிப் பதவி எதற்கு? ஆனால் யார் என்ன வேலை செய்தார்கள் என்று நாற்பது வருடமாகப் பார்த்தவர்கள் நாம்தான். உங்கள் தெருவில், உங்கள் சங்கத்தில், யாரும் கேட்காமலே வேலை செய்துகொண்டிருக்கிற ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அடுத்த கூட்டத்துக்குள் அவள் வீட்டுக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.