அரங்கேற்றமும் துண்டறிக்கையும்

புகார் நகரத்துச் செல்வ இளைஞர் நடமாடும் மறுகிலே கூனி ஒருத்தி பசும்பொன் மாலை ஒன்றை ஏந்தி நிற்கின்றாள். அம்மாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அதனை வாங்குவோன் எவனோ அவனே மாதவிக்கு உரியவன் என்று அறிவிக்கின்றாள். கோவலன் வாங்குகின்றான், கண்ணகியின் வாழ்வு திசைமாறுகின்றது. இப்பகுதியை மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் கோவலனின் தவற்றையும் கண்ணகியின் பொறையையுமே விரித்துரைக்கின்றோம். மாலை ஏந்தி நின்ற கூனியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றோம். ஆனால் நடிப்பும் ஆடலுமாகிய கலைகளைத் தொழிலாகக் கொண்டோர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர், எவ்வாறு பெயர் பெற்றனர் என்று ஆராயப் புகுவோர்க்கு அவளே முதன்மையானவள். கலைஞர் ஒருவரின் சிறப்பைத் தெருவில் நின்று விளம்பரம் செய்தவர்களுள் நம் இலக்கியம் காட்டும் பழைய உருவம் அவளுடையது.

அவ்விளம்பரத்திற்கு முன்னர்க் கடுமையான தேர்வு ஒன்று நடந்தது. ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மாதவி சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அரங்கு அமைத்தனர். பகையரசரிடம் கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பினால் செய்த தலைக்கோல் அவ்வரங்கில் வைக்கப்பட்டது. தேர்வில் வென்றவளுக்குத் தலைக்கோல் பட்டம் கிடைத்தது. இத்துணை ஒழுங்கான தேர்வு முறையை வேறெங்கும் எளிதிற் காண இயலாது. எனினும், தேர்வு முடிந்த பின்னர் மாதவியின் பெயர் பிறர் கைக்குச் சென்றுவிட்டது. மாலையை யாரிடம் விற்பது என்று எவரும் அவளைக் கேட்டதாகக் காப்பியம் கூறவில்லை. ஆற்றலைக் காட்டியவள் ஒருத்தி. அவ்வாற்றலுக்கு விலை கூறியவர் வேறொருவர். இந்த இடைவெளியைத்தான் தமிழ் நாடக நடிகர்கள் பல நூற்றாண்டுகள் கழித்தும் கடக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் வண்ணத் திரைகளோடும் ஆர்மோனியத்தோடும் ஊர் ஊராகச் சென்றன. தென்னாட்டு மேடை அவற்றால் உருமாறியது. அதே அலை கடல் கடந்து பினாங்கிலும் வந்து மோதியது. அங்கே 1885 ஆம் ஆண்டில் மாமா புஷி என்பார் தொடங்கிய குழுவே மலாய் மேடையின் பங்சாவான் நாடகத்திற்கு வித்திட்டது. நம் முன்னோர் தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்து பார்த்த பங்சாவானும், அவர்கள் விட்டுவந்த ஊரில் நடந்த பாய்ஸ் கம்பெனி நாடகமும் ஒருவகையில் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளே. இவ்வுறவு நம்மவரால் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

தமிழ் மேடையில் சிறுவர் குழுக்களை நிலைநிறுத்தியவருள் தலையாயவர் தவத்திரு சங்கரதாசு சுவாமிகள். 1867 இல் பிறந்த இவர், 1910 இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். வளர்ந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டு மனம் நொந்தே சிறுவரை நாடினார் என்பர். பெண் வேடம் பூணும் நடிகராக விளங்கிய கண்ணுசாமிப் பிள்ளை தம் மைந்தர்களை அச்சபையில் சேர்த்தார். அவர்களே பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றனர். 1912 இல் பிறந்த சண்முகத்திற்கு அப்போது ஆறு வயது.

இத்தகைய குழுக்களில் சேர வந்த சிறுவனை எவ்வாறு தேர்ந்தனர்? வாத்தியார் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருப்பார். சிறுவனைப் பாடச் சொல்வார். ஐந்து கட்டை, ஆறு கட்டை எனச் சுருதியை ஏற்றிக்கொண்டே போவார். குரல் உடையாமல் மேலே சென்றால் சேர்த்துக்கொள்வார். முகத்தோற்றம், நினைவாற்றல் ஆகியன அதற்குப் பின்னரே. இதனை இன்றைய இளைஞர் விந்தையாகக் கருதலாம். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கீற்றுக் கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருக்கும் காலணாச் சீட்டுக்காரருக்கும் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். மேடை கேட்டது முதலிற் குரலையே. ஆகவே தேர்வும் குரல் தேர்வாகவே அமைந்தது. நம் நாட்டு வானொலி நாடகங்களுக்கு நடிகரைத் தேர்வதையும் நாம் குரல் தேர்வு என்றே வழங்கினோம். அங்கே காரணம் வேறு. சொல் மட்டும் ஒன்று.

தேர்வில் வெல்வதற்குத் திறமையோடு வேறொன்றும் சில வேளைகளில் வேண்டியிருந்தது. நடிகர் திலகம் சிவாசி கணேசன் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறும் செய்தி ஒன்று நெஞ்சை உருக்குவது. ஏழு வயதளவில் நாடக ஆசை மேலிட, வீட்டை விட்டு வெளியேறிய அவர், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவிற்குச் சென்று, தாம் தாய் தந்தையற்றவர் என்று கூறிச் சேர்ந்தார். பாடச் சொன்னார்கள், பாடினார், ஏற்றுக்கொண்டார்கள். முதலில் அவருக்குக் கிடைத்தது சீதை வேடம். பெற்றோர் உயிரோடிருக்க, தம்மை அனாதை என்று சொல்லிக்கொண்ட சிறுவனின் முதல் நடிப்பு மேடையில் நிகழவில்லை. குழுத் தலைவரின் முன்னிலையிலேயே நிகழ்ந்தது. அதற்கு அவன் கொடுத்த விலை பல ஆண்டுகள் வீட்டைக் காணாதிருந்தமை. அக்காலக் குழுக்களில் இருந்த சிறுவர் பலரை வறுமையே கொண்டுவந்து சேர்த்தது. உணவும் உடையும் பயிற்சியும் உண்டு, அடியும் உண்டு.

இவ்வாறு குரலால் சேர்ந்தவனுக்குக் குரலே பகையாகும் நாளும் வரும். பதின்மூன்று, பதினான்கு வயதில் தொண்டை கட்டிக் குரல் பிளவுபடுவதை மகரக்கட்டு என்பர். நேற்றுவரை பாலபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ ஏற்று ஊரையே மயக்கியவன் இன்று பாட வாய் திறந்தால் அவையோர் நகைப்பர். சிலர் அப்பருவத்தைக் கடந்து ராஜபார்ட் ஆயினர். சிலர் நகைச்சுவை வேடத்திற்கு மாறினர். பபூனுக்குக் குரல் கரகரத்தாலும் குற்றமில்லை. எஞ்சியோர் திரைதூக்குவோராகவும் சமையற்கட்டில் உதவுவோராகவும் மறைந்தனர். அவர்களின் பெயர்களை எந்த நூலும் தாங்கியிருக்கவில்லை.

ஈண்டு என் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுவது தகும். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆண்டு விழாவிற்கு அரிச்சந்திரன் நாடகத்தைப் பயிற்றினேன். அரிச்சந்திரனாக நடிக்க நானே தேர்ந்த ஆறாம் ஆண்டு மாணவனுக்கு விழாவிற்கு இரு வாரங்களுக்கு முன் குரல் உடைந்தது. மயானப் பாடல்கள் கெடுமே என்று அஞ்சி, வேறொருவனை அவ்விடத்தில் நிறுத்தினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. விழா நாளன்று பள்ளிக்கு வரவுமில்லை. மகரக்கட்டு என்னும் சொல்லையும் அதனால் ஒதுங்கியோர் கதையையும் பின்னர்த்தான் படித்தேன். பாடலை நீக்கி வசனமாக மாற்றியிருக்கலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

பாடலைக் குறைத்து வசனத்தை முதன்மைப்படுத்தும் அவ்வழியை 1891 ஆம் ஆண்டிலேயே தொடங்கிய ஒரு சபை காட்டியிருந்தது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு நிறுவிய சுகுண விலாச சபையே அது. வழக்கறிஞரும் அலுவலரும் ஊதியமின்றி நடித்த சபை. கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலுக்குப் படித்தவரிடையே மதிப்புப் பிறந்ததில் இச்சபைக்குப் பெரும் பங்குண்டு. முதலியார் தம் குழுவில் இருந்த நடிகரின் இயல்பறிந்து பாத்திரங்களைப் படைத்தார். அவருடன் நெடுங்காலம் தலைவி வேடம் புனைந்த ரங்கவடிவேலு இதற்குச் சான்று. நடிகனைப் பாத்திரத்திற்குத் தேடாமல், பாத்திரத்தை நடிகனுக்காக எழுதும் முறை இது. சுவாமிகளும் இவ்வாறு செய்ததுண்டு. சிறுவன் சண்முகத்திற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை அவர் ஓர் இரவிலே எழுதி முடித்தார் என்று சண்முகம் நன்றியோடு நினைவுகூர்கின்றார். முதலியார் பிற்காலத்தில் ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?’ என்றே ஒரு நூல் இயற்றினார். நடிக்க விழைவோர்க்குத் தமிழில் அறிவுரை கூறப் புகுந்த முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று. ஆனால் வயிற்றுக்காக நடித்தவனின் கவலை வேறு. அடுத்த மாதம் எவர் அழைப்பார் என்பதே அவன் கவலை.

அக்கவலையிலிருந்து பிறந்ததே ஸ்பெஷல் நாடகம். கம்பெனியில் இருந்தவரை நடிகனுக்குத் தனிப்பெயர் இல்லை. அறிவிப்புகளில் கம்பெனியின் பெயரே பெரிய எழுத்தில் மிளிரும். சிறுவர் மாஸ்டர் இன்னார் என்று சிற்றெழுத்தில் ஒதுங்குவர். கம்பெனியை விட்டு விலகியோர் தனித்தனியே அழைப்பை ஏற்று, ஓர் இரவுக்கு ஓரிடத்தில் கூடி, விடியும்வரை நடித்துப் பிரிந்தனர். ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து முருகனும் வேறோர் ஊரிலிருந்து வள்ளியும் வந்து மேடையில் தான் முதன்முறை சந்திப்பர். சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா ஆகியவற்றை எல்லோரும் மனப்பாடமாக அறிந்திருந்தமையால் இது கைகூடியது. இங்கே தேர்வு என்று தனியாக ஒன்றில்லை. ஒவ்வோர் இரவும் தேர்வே. வள்ளியாக வருபவள் எதிர்பாராத கேள்வி ஒன்றைத் தொடுத்தால், முருகன் அந்தக் கணத்திலேயே விடையிறுக்க வேண்டும். தடுமாறினால் மறுநாள் காலையில் அச்செய்தி பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

எசு.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த வரலாறு இவ்வகையில் தனிச்சிறப்புடையது. கிட்டப்பா சிறுவனாகச் சுவாமிகளின் சபையில் பயின்று, கன்னையா கம்பெனியில் புகழின் உச்சியை எட்டியவர். சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்து, குரலொன்றையே செல்வமாகக் கொண்டு மேடை ஏறியவர். 1926 இல் இலங்கையில் இருவரும் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தபோது, அம்மையாரைப் பலர் தடுத்தனர். கிட்டப்பாவின் பாட்டுக்கு முன் நின்றால் இருக்கும் பெயரும் அழியும் என்றனர். அவர் அஞ்சாமல் நின்றார். அதன்பின் இருவர் பெயரையும் சேர்த்து அச்சிட்ட துண்டறிக்கைக்கே கொட்டகை நிறைந்தது. 1933 இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். மேடையை விட்டு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நடிக்க அழைத்தபோது, அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அழைப்பைத் தட்டிக்கழிக்கவே அப்பெருந்தொகையைக் கேட்டார் என்றும், கேட்டதைக் கொடுத்துவிட்டனர் என்றும் சொல்லப்படுகின்றது. எவ்வாறாயினும், தம் பெயருக்குரிய விலையைத் தாமே கூறிய பெண் கலைஞர் அவர். மாதவிக்குக் கிட்டாத உரிமை அது.

திரைப்படம் வந்தபின் தேர்வின் இயல்பு மாறியது. குரலை மட்டுமன்றி முகத்தையும் கருவி நுணுகி நோக்கிற்று. 1936 இல் சதி லீலாவதி படத்தில் சிறு வேடத்தில் தோன்றிய எம்.ஜி. இராமச்சந்திரன், 1947 இல் இராசகுமாரி வரும்வரை பதினோராண்டுகள் தலைமை வேடத்திற்குக் காத்திருந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகப் பயின்றவருக்கே இந்நிலை. கணேசனோ 1946 இல் அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாசியாக நடித்து, தந்தை பெரியாரால் அப்பெயரையே பட்டமாகப் பெற்றவர். ஆயினும் பராசக்தி படப்பிடிப்புத் தொடங்கியபோது, மெலிந்த இவ்விளைஞர் வேண்டா என்று படநிலையத்தார் கருதினர். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் ஒருவரே விடாப்பிடியாக நின்றார். 1952 ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் படம் வெளிவந்த பின் அந்த ஐயத்தைப் பேசுவோர் எவருமிலர். ஆற்றல் உடையோனுக்கும் அவன்பொருட்டு வழக்காட ஒருவர் வேண்டியிருந்தது என்பதை மாணவர் கருதிப் பார்க்க வேண்டும். பெருமாளை அறிந்தோர் இன்று சிலரே. வேலூரில் அவர் இல்லத்திற்குப் பொங்கல்தோறும் சென்று வணங்குவதைச் சிவாசி தம் வாழ்நாள் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

திரை வளர்ந்தும் ஸ்பெஷல் நாடகம் அழியவில்லை. மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் அமைந்தன. பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலங்களில் ஊர்ப் பெரியவர்கள் சங்கத்திற்கு வந்து நடிகரைப் பேசி முடிப்பர். அத்துண்டறிக்கைகளின் அமைப்பை ஆராய்ந்தாலே ஒரு தொழிலின் வரலாறு விளங்கும். முற்காலத்தவற்றில் எழுத்து மட்டுமே மிகுதி. பின்னர் நடிகரின் நிழற்படங்கள் இடம்பெற்றன. எவர் படம் எங்கே, எவர் பட்டம் எத்துணை நீளம் என்பதில் போட்டியும் மனத்தாங்கலும் உண்டு. பட்டங்களிற் பல தாமே சூட்டிக்கொண்டவை என்பதையும் மறைப்பதற்கில்லை. அதைக் கண்டு நகைப்போர் உளர், நான் நகைப்பதில்லை. அரசன் தலைக்கோல் தருவான் என்று காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

மதுரைப் பக்கம் சென்றிருந்தபோது கோயில் வாயிலில் ஒருவர் என் கையில் திணித்த வள்ளி திருமணத் துண்டறிக்கை ஒன்றை இன்றும் வைத்திருக்கின்றேன். மட்டமான இளஞ்சிவப்புத் தாள். மடித்த இடங்களில் மை உதிர்ந்துவிட்டது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று வரிசையாகப் பெயர்கள். வள்ளியாக நடித்த அம்மையாரின் படத்திற்குக் கீழே அவருடைய ஊரும், அவர் குடியிருக்கும் தெருவும், அவரை அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றன.